168 அடி மரவேலிக்கு எவ்வளவு மரம், எவ்வளவு பணம்?

டெக்சாசில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டின் பின்புறத்தைச் சுற்றியுள்ள பழைய மரவேலி சாய்ந்துவிட்டது. 6 அடி உயரத்தில் புதிதாகப் போட வேண்டும். மொத்த நீளம் 168 அடி. ஓர் ஒப்பந்தக்காரர் அடிக்கு 35 டாலர் கேட்கிறார், இன்னொருவர் 50 டாலர் கேட்கிறார். இரண்டில் எது நியாயமான விலை, பொருளை நாமே வாங்கினால் எவ்வளவு ஆகும், எதை எப்படிக் கணக்கிடுவது என்பது அவருடைய கேள்வி.

இரண்டு விலையுமே நியாயமாக இருக்க இடமுண்டு. அடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் எந்த மரம், எத்தனை தூண், மண்ணுக்குள் எவ்வளவு ஆழம், பலகையை எப்படி அடிக்கிறார்கள் என்ற எதுவும் தெரியாது. ஆகவே முதலில் அடிக்கணக்கை மறந்துவிட்டு, ஒரு தாளில் வேலியின் படத்தை வரைந்து, தூண் தூணாக எண்ணத் தொடங்குங்கள். பலகைக்குத்தான் பணத்தில் பெரும்பங்கு போகும் என்றாலும், வேலி எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தூணும் அதன் குழியுமே முடிவு செய்கின்றன. எங்கே கையை இறுக்கலாம், எங்கே இறுக்கக் கூடாது என்பது இந்த எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

நண்பர் தந்த அளவுகள் இவை: வீட்டுச் சுவரின் இடப்பக்கத்திலிருந்து எல்லை வரை 6 அடி, இடப்பக்க எல்லை 43 அடி, பின் எல்லை 66 அடி, வலப்பக்க எல்லை 43 அடி, அங்கிருந்து வலப்பக்கச் சுவர் வரை 10 அடி, அந்த 10 அடியில் 4 அடி கதவுக்கு. தூண்களை இணைத்துப் பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் கடையில் 8 அடி நீளத்தில் கிடைக்கிறது என்பதால், இரண்டு தூண்களுக்கு நடுவே 8 அடிக்கு மேல் விடுவதில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைக் கண் என்று குறிப்பிடுகிறேன். பலரும் 168ஐ 8ஆல் வகுத்து 21 கண், ஒன்றைக் கூட்டி 22 தூண் என்று எழுதிவிடுவார்கள். வேலி ஒரே நேர்க்கோடாக இருந்தால் அது சரி. ஆனால் மூலைக்கு மூலை தூண் வந்தே ஆக வேண்டும் என்பதால் ஒவ்வொரு நேர்த்துண்டையும் தனித்தனியாகத்தான் வகுக்க வேண்டும். 43 அடிக்கு 5 கண் போதாது, 6 கண் வேண்டும். ஒவ்வொன்றும் 7 அடி 2 அங்குலம். 66 அடிக்கு 9 கண், ஒவ்வொன்றும் 7 அடி 4 அங்குலம். இடப்பக்க 6 அடி ஒரு கண், வலப்பக்கத்தில் 6 அடி ஒரு கண், கதவு ஒரு கண். ஆக மொத்தம் 24 கண். இரு முனைகளும் சுவரோரம் தனித்தனியே முடிவதால் 25 தூண். 22க்கும் 25க்கும் உள்ள வேறுபாடு மூன்று தூண் மட்டுமன்று. மூன்று குழி, அவற்றுக்கான கான்கிரீட், அதைத் தோண்டும் கூலி எல்லாம் சேர்ந்தது. ஒப்பந்தக்காரர் எத்தனை தூண் என்று எழுதித் தந்திருக்கிறார் என்று பார்த்தாலே, அவர் இடத்தை நேரில் அளந்தாரா, வெறுமனே வகுத்தாரா என்று தெரிந்துவிடும்.

பழைய வேலி இருந்த இடத்திலேயே புதிய வேலி போடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. பழைய தூண்களின் அடியில் கான்கிரீட் உருண்டைகள் கிடக்கும். அவற்றைக் கெல்லி எடுப்பது இந்த வேலையிலேயே மிகவும் முதுகை ஒடிக்கும் பகுதி. சிலர் பழைய தூணைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டு, புதிய குழிகளைப் பழைய குழிகளுக்கு நடுவில் விழும்படி அரைக் கண் தள்ளித் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் ஒரு நேர்த்துண்டுக்கு ஒரு தூண் கூடும்; கெல்லும் கூலி குறையும். மூலைத் தூண்களையும் கதவுத் தூண்களையும் இடம் மாற்ற முடியாது என்பதால் அங்கே மட்டும் கெல்லித்தான் ஆக வேண்டும். எந்த வழி மலிவு என்பது அந்த ஊர்க் கூலியைப் பொறுத்தது. ஆனால் விலைப்பட்டியலில் பழைய வேலியைப் பிரித்து அப்புறப்படுத்துவது அடங்குமா, பழைய கான்கிரீட்டை எடுப்பது அடங்குமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய வேலி 2003ஆம் ஆண்டு முடிவதற்கு முன் போடப்பட்டதாக இருந்தால் அதன் தூண்களும் சட்டங்களும் உளுக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரமாக இருக்கக்கூடும். வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்தேற்றிய மரத்தைத் தயாரிப்பது அந்த ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. அந்த மரத்தைக் கொல்லையில் குவித்துக் கொளுத்திவிடாதீர்கள். புகையும் சாம்பலும் நஞ்சு.

இனித் தூணுக்கு வருவோம். கடையில் 4×4 என்று விற்கும் தூணின் உண்மையான அளவு 3½ அங்குலம். 2×4 சட்டம் 1½க்கு 3½ அங்குலம். மரக்கடைக்குப் புதியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். தூணின் நுனியில் அடித்திருக்கும் சிறிய சீட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். தரைக்கு மேல் பயன்படுத்த மட்டும் மருந்தேற்றிய மரமும், மண்ணோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்காக மருந்தேற்றிய மரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் கிடக்கும். மண்ணுக்குள் போகும் தூணுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். தூணை அறுக்க நேர்ந்தால் அறுத்த முனையை மேல்பக்கமாக வைத்து, ஆலையிலிருந்து வந்த முனையைக் குழிக்குள் விடுங்கள். மருந்து மரத்தின் நடு வரை சமமாக ஊறியிருக்காது என்பதால், அறுத்த இடத்தில் தாமிர நாப்தனேட் போன்ற காப்பு மருந்தைப் பூச வேண்டும்.

6 அடி வேலிக்கு வழக்கமாக 8 அடித் தூண்: 6 அடி வெளியே, 2 அடி மண்ணுக்குள். குழியை 30 அங்குலம் தோண்டி அடியில் 6 அங்குலம் சரளை போட்டு அதன்மேல் தூணை நிறுத்தினால், தண்ணீர் தூணின் அடியில் தேங்காமல் இறங்கும். குழியின் விட்டம் தூணின் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது ஏறத்தாழ 10 அங்குலம். 10 அங்குல விட்டமும் 24 அங்குல ஆழமும் கொண்ட உருளையின் கொள்ளளவு 1.09 கன அடி. தூண் அடைக்கும் 0.17 கன அடியைக் கழித்தால் 0.92 கன அடி கான்கிரீட். 80 பவுண்டு மூட்டை கலந்தால் 0.60 கன அடி வரும் என்பதால், குழிக்கு ஒன்றரை மூட்டை. 25 குழிக்கு 38.4 மூட்டை ஆகிறது. சிந்துவதற்கும், கதவுத் தூண்களின் குழி சற்று ஆழமாக இருப்பதற்கும் சேர்த்து 45 மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இதே குழியை 12 அங்குலத் துரப்பணத்தால் தோண்டினால் குழிக்கு 1.40 கன அடி, அதாவது ஒன்றரை மடங்கு கான்கிரீட் வேண்டும். விட்டத்தில் 2 அங்குலம் கூடியதற்கு இவ்வளவு செலவா என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால் வரும் வினை அது. துரப்பணத்தை வாடகைக்கு எடுக்கும்போது அதன் முனை எத்தனை அங்குலம் என்று பார்த்துவிட்டே மூட்டைக்குச் சொல்லுங்கள். சரளை குழிக்கு 0.27 கன அடி. அரை கன அடிப் பைகளாக 14 பை போதும்.

45 மூட்டை என்றால் 3,600 பவுண்டு. சாதாரண பிக்கப் வண்டி ஒன்றில் ஒரே நடையில் ஏற்றக்கூடிய சுமை அன்று அது. நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் மரத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு சிமெண்டை மறந்துவிடுகிறார்கள். கடையே கொண்டுவந்து இறக்கும் கட்டணத்தைச் செலவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

டாலஸ் பகுதியின் கரிசல் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அங்கே சாயும் வேலிகளில் பெரும்பாலானவை காற்றால் மட்டும் சாய்வதில்லை. மண் இப்படி ஆண்டுதோறும் தூணை அசைத்து அசைத்து இளக்கிவிட்ட பிறகே காற்று தள்ளுகிறது. தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் மரம் உளுத்துப்போவதும் கூடவே நடக்கும். கான்கிரீட்டின் மேல்பரப்பைத் தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துவிட்டால் தண்ணீர் தூணோரம் நிற்காது. இதற்குக் காசு செலவில்லை, கரணை பிடிக்கும் ஆளின் கவனம் மட்டும் வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால் மரத்தூணுக்குப் பதில் துத்தநாகம் பூசிய எஃகுத் தூணை நட்டு, பிடிப்பான்கள் வழியாக மரச் சட்டத்தைப் பூட்டலாம். பார்வைக்கு மரவேலியாகவே இருக்கும். அந்தப் பகுதியில் நான் பரிந்துரைப்பது இதைத்தான், பலகையில் ஒரு படி இறங்க நேர்ந்தாலும்கூட. சிகாகோவிலோ அதற்கும் வடக்கிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: அங்கே குளிர்காலத்தில் மண் உறையும் ஆழம் 42 அங்குலம் அல்லது அதற்கு மேல் என்று எடுத்துக்கொண்டு தூணை அதுவரை இறக்குவதால், 8 அடித் தூண் போதாமல் 10 அடித் தூண் வாங்க வேண்டியிருக்கும், கான்கிரீட்டும் அதற்கேற்பக் கூடும். டெக்சாசில் இருக்கும் உறவினர் கொடுத்த கணக்கை மின்னசோட்டாவில் அப்படியே பயன்படுத்த முடியாது.

குறுக்குச் சட்டம் எளிது. கதவைத் தவிர 23 கண், கண்ணுக்கு மூன்று சட்டம், ஆக 69. 6 அடி உயர வேலிக்கு இரண்டு சட்டம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிப் போட்ட வேலியில் சட்டம் நடுவில் தொய்ந்து, பலகையும் முறுக்கிக்கொள்ளும். விலை குறைவான பட்டியல்களில் சத்தமில்லாமல் குறைக்கப்படுவது இந்த மூன்றாவது சட்டமே. கதவுச் சட்டகத்துக்கு 5, கோணலாக வந்துவிடுபவற்றுக்கு 3 சேர்த்தால் 77.

அடுத்து, கடையில் பிக்கெட் என்று கேட்டு வாங்கும் நிறுத்துப் பலகை. 1×6 என்பதன் உண்மையான அகலம் 5½ அங்குலம். வேலியின் நீளத்தைக் கதவோடு சேர்த்து அங்குலமாக்கினால் 2,016. பலகைகளை ஒட்டி ஒட்டி அடித்தால் 367 பலகை. ஆனால் மருந்தேற்றிய பைன் பலகை ஈரமாகவே வரும். வெயிலில் காய்ந்ததும் சுருங்கி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே கால் அங்குலம்வரை வெளிச்சம் தெரியும். அடுத்த வீட்டார் பார்வை படக் கூடாது என்பதற்காகவே வேலி போடுபவர்கள் இதனால் ஏமாற்றம் அடைகிறார்கள். டாலஸ் புறநகர்களில் பலகைமேல் பலகை அடிக்கும் முறை பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம்: பின்வரிசையில் இடைவெளி விட்டுப் பலகைகளை அடித்து, அந்த இடைவெளியை மூடும்படி முன்வரிசையில் இன்னொரு பலகை அடிப்பார்கள்.

இந்த முறையில் எத்தனை பலகை என்பது, முன்பலகை பின்பலகையின்மேல் எவ்வளவு ஏறி உட்கார்கிறது என்பதைப் பொறுத்தது. இருபுறமும் 1 அங்குலம் ஏறினால் பின்வரிசை இடைவெளி 3½ அங்குலம். ஒரு பின்பலகையும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 9 அங்குலத்துக்கு இரண்டு பலகை. 2,016ஐ 9ஆல் வகுத்தால் 224, இரட்டித்தால் 448 பலகை. அதே ஏற்றத்தை 1½ அங்குலமாக்கினால் இடைவெளி 2½ ஆகி, 8 அங்குலத்துக்கு இரண்டு பலகை என்ற கணக்கில் 504 பலகை வரும். அரை அங்குலத்துக்கு 56 பலகை! ஒப்பந்தக்காரரிடம் பலகைமேல் பலகையா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை அங்குலம் ஏற்றம் என்றும் கேட்க வேண்டும். அரை அங்குலம் மட்டும் ஏற்றினால் பலகை மிச்சமாகும். ஆனால் பலகை சற்று வளைந்தாலே இடுக்கு திறந்துகொள்ளும். 1 அங்குலம் போதுமானது என்பது என் கருத்து. வெடித்தவை, முடிச்சு விழுந்தவை, ஓரத்தில் நீளவாட்டில் கிழிக்க வேண்டியவை என்று 7 விழுக்காடு சேர்த்தால் 448 என்பது 480 ஆகும். பலகையின் தடிமனையும் கவனியுங்கள்: ஒரே 1×6 என்ற பெயரில் அரை அங்குலமும் உண்டு, ⅝ அங்குலமும் உண்டு, ¾ அங்குலமும் உண்டு. விலை மட்டும் பார்த்தால் அரை அங்குலம் இலாபமாகத் தெரியும். இரண்டு கோடை கழிந்தால் முறுக்கிக்கொள்வதும் அதுவே.

ஆணியை அலட்சியப்படுத்தாதீர்கள். பலகைக்கு மூன்று சட்டம், சட்டத்துக்கு இரண்டு ஆணி என்றால் 448 பலகைக்கு 2,688. 3,000 வாங்க வேண்டும். இப்போதைய மருந்தேற்றிய மரத்தில் தாமிரம் இருப்பதால் சாதாரண இரும்பு ஆணியை அது அரித்துவிடும். செடார் என்ற மரத்தின் பலகையிலோ இரும்பு பட்ட இடத்திலிருந்து கறுப்புக் கோடு வழியும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய ஆணி, அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணி. பலகைமேல் பலகை முறையில் முன்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே பின்பலகையின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்கும்; ⅝ அங்குலப் பலகை என்றால் ஆணி சட்டத்தைத் தொடுவதற்கு முன்பே 1¼ அங்குலத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே முன்வரிசைக்கு 2¼ அங்குலத்துக்குக் குறையாத ஆணி வேண்டும். 2¾ஐத் தாண்டினால் சட்டத்தின் மறுபுறம் முனை நீட்டும்.

கதவில் செலவு குறைவு, தொல்லை அதிகம். 4 அடிக் கதவின் எடை முழுவதையும் தாங்கும் தூணை மற்றத் தூண்களைவிட ஆழமாக நட்டு, 10 அடித் தூணாக வாங்குங்கள். கதவின் குறுக்குத் தாங்கு கீழ்க் கீலிலிருந்து தொடங்கி மேலே தாழ்ப்பாள் மூலைக்கு ஏற வேண்டும். மாற்றி அடித்தால் கதவு ஓராண்டுக்குள் தலை குனிந்துவிடும். கொல்லையில் நீச்சல் குளம் இருந்தால் கதவு தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும், குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற விதிகள் வரும். கீலும் தாழ்ப்பாளும் அதற்கேற்ற விலையில் இருக்கும்.

இனிப் பணம். கீழே நான் போடும் விலைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்கான மாதிரி விலைகளே. மர விலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், வாங்கும் நாளில் உங்கள் ஊர்க் கடை விலையை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். செடார் பலகை 480, ஒன்று 4 டாலர் வீதம் 1,920. சட்டம் 77, ஒன்று 6 டாலர் வீதம் 462. 8 அடித் தூண் 23, ஒன்று 14 டாலர் வீதம் 322. கதவுக்கு 10 அடித் தூண் 2, ஒன்று 24 வீதம் 48. கான்கிரீட் 45 மூட்டை, 6 டாலர் வீதம் 270. சரளை 14 பை, 5 டாலர் வீதம் 70. ஆணி, திருகு 150. கதவுக் கீலும் தாழ்ப்பாளும் 80. கூட்டினால் 3,322 டாலர். பிளேனோவில் விற்பனை வரி 8.25 விழுக்காடு, அதாவது 274; ஆக 3,596. அடிக்கு 21 டாலருக்குச் சற்று மேல். இதில் பலகை மட்டும் 58 விழுக்காட்டுக்கு நெருக்கம். தூண், கான்கிரீட், சரளை மூன்றும் சேர்ந்து 710 டாலர், ஐந்தில் ஒரு பங்கு. வேலியின் ஆயுளைத் தாங்கும் பகுதி செலவில் இவ்வளவுதான் என்பதால், பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் அந்த ஐந்தில் ஒன்றைத் தொடாமல் பலகையிலேயே வழி தேட வேண்டும்.

இப்போது இரண்டு விலைப்பட்டியல்களையும் இந்தக் கணக்கின் எதிரே வைத்துப் பாருங்கள். நண்பர் அனுப்பியதன்படி, அடிக்கு 35 டாலர் கேட்டவர் பைன் பலகையை ஒட்டி ஒட்டி அடித்து, மரத்தூண் நடுகிறார். பலகை 393, ஒன்று 2.50 டாலர் என்று வைத்தால் 982. மற்றவற்றை மாற்றாமல் கூட்டினால் வரியோடு ஏறத்தாழ 2,580. அவர் கேட்கும் மொத்தம் 5,880. பொருள் போகக் கூலிக்கும் பழையதை அகற்றுவதற்கும் இலாபத்துக்கும் 3,300 மிஞ்சுகிறது. அடிக்கு 50 கேட்டவர் பலகைமேல் பலகையாகச் செடார், எஃகுத் தூண், அடியில் மண்ணோரம் ஓர் 2×6 காப்புப் பலகை, அதோடு சாயமும் பூசித் தருகிறார். 9 அடி எஃகுத் தூண் 36 டாலர் வீதம் 25 என்றால் 900. பிடிப்பான் 75, ஒன்று 3 டாலர் வீதம் 225. காப்புப் பலகை 23, ஒன்று 9 டாலர் வீதம் 207. மரத்தூணுக்கான 370ஐக் கழித்து இவற்றைச் சேர்த்தால் 4,284, வரியோடு 4,637. சாயம் தனி: ஒருபுறம் 1,008 சதுர அடி, இருபுறமும் 2,016, சொரசொரப்பான செடார் சாயத்தை நிறையக் குடிக்கும் என்பதால் காலனுக்கு 125 சதுர அடி என்று வைத்தால் 16 காலன், 5 காலன் வாளியாக 4 வாளி. வாளி 180 டாலர் என்றால் வரியோடு 779. மொத்தம் 5,416, அவர் கேட்கும் 8,400இல் மிஞ்சுவது 2,984.

ஆக, அதிக விலை சொன்னவரிடம் கூலிக்கும் இலாபத்துக்கும் மிஞ்சுவது குறைந்த விலை சொன்னவரிடம் மிஞ்சுவதைவிடக் குறைவு. என் வீடாக இருந்தால், சாயம் எத்தனை கை பூசப்படும் என்பதையும், எஃகுத் தூணின் சுவர்த் தடிமனையும், மேலே சொன்ன எண்ணிக்கைகளையும் எழுதித் தரும் பட்சத்தில் இரண்டாமவரையே தேர்வேன். அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால், சாயத்தை விட்டுவிட்டு அடுத்த வசந்தத்தில் நாமே பூசிக்கொள்ளலாம். எஃகுத் தூணை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியாது. காப்புப் பலகை போட்டால் வேலியின் உயரம் 6 அடியைத் தாண்டி 5½ அங்குலம் கூடும் என்பதையும், நகராட்சியும் குடியிருப்போர் சங்கமும் அந்த உயரத்துக்கு ஒப்புகின்றனவா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பவில்லை என்றால் பலகையின் நீளத்தில் அந்த 5½ அங்குலத்தை அறுத்துவிட வேண்டியதுதான்; தூணும் 8 அடியே போதும்.

பின் எல்லை சரிவாக இருப்பதாக நண்பர் எழுதியிருக்கிறார். 66 அடியில் 2 அடி இறக்கம் என்பது நீளத்தைக் கூட்டாது. சரிவின் வழியே அளந்தால் அரை அங்குலம்கூடத் தேறாது. படிப்படியாக இறக்கினால் கண்ணுக்கு 2⅔ அங்குலம் இறங்கும், அடியில் முக்கோண இடுக்குகள் வரும், தூணின் நீளம் அந்த அளவுக்குக் கூடும். சரிவோடு சாய்த்துச் சட்டத்தை அடித்தால் இடுக்கு இல்லை, பொருளும் அதிகமாகாது. நாய் வளர்ப்பவர்கள் இரண்டாவதையே விரும்புவார்கள்.

தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரும்பாலும் காசில்லை. ஆனால் செய்யாவிட்டால் மொத்தக் கணக்கும் குலைந்துவிடும். 811 என்ற எண்ணை அழைத்தால் நிலத்தடி மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைத்தொடர்புக் கம்பி ஆகியவற்றின் தடத்தை இலவசமாக வண்ணக் குறியிட்டுக் காட்டுவார்கள். குறைந்தது இரண்டு வேலைநாளுக்கு முன் அழைக்க வேண்டும். வீட்டின் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள். எல்லையோரம் அந்தக் குழாய் போகிறதென்றால், உடைந்தால் யார் சரிசெய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். வீடு வாங்கியபோது கிடைத்த நில அளவை வரைபடத்தை எடுத்து, பின் எல்லையில் பொதுப்பயன்பாட்டுக்கு ஒதுக்கிய துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே வேலி போட அனுமதி கிடைத்தாலும், நாளைக்கு மின்வாரியம் தோண்ட வந்தால் பிரிக்கும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

பக்கத்து வீட்டாரிடம் பாதிப் பணம் கேட்கலாமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். கேட்கலாம், ஆனால் டெக்சாசில் பங்கு தர வேண்டும் என்று பொதுவான சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் 2014ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, எல்லை வேலியின் பலன் இரு வீட்டாருக்கும் சமம் என்று கருதப்படுகிறது. 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். டெக்சாசில் இருப்பவர்கள் இந்தக் கணக்குத் தாளையே காட்டி, எல்லையில் வரும் 43 அடிக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிக் கேட்பது நல்லது. வேலியின் அழகான முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். சில சங்கங்கள் அது தெருவைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன.

முன்பணமாகப் பொருளின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அடுத்த தவணையைத் தூண்கள் நட்டு, கான்கிரீட் இறுகி, பலகை அடிப்பதற்கு முன் கொடுப்பதாக எழுதிக்கொண்டால், அந்த நிலையில் ஒரு நூலைக் கட்டி 25 தூண்களும் நேராக நிற்கின்றனவா, குழி எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.